அடினோசின் ஏற்பிகளும் தமனித் தசைச் செல்களின் வளர்ச்சியும்

அடினோசின் ஏற்பிகள் என்பவை செல் சவ்வில் பொதிந்துள்ள புரதங்கள் ஆகும். செல்லுக்கு வெளியே உலவும் அடினோசின் என்னும் சிறு மூலக்கூறு இவற்றுடன் பிணையும்போது செல்லின் உட்புறத்துக்கு ஒரு செய்தி கடத்தப்படுகிறது. மனித உடலில் ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என நான்கு வகை அடினோசின் ஏற்பிகள் உள்ளன. மூளை, இதயம், சிறுநீரகம், நோயெதிர்ப்புச் செல்கள் எனப் பல இடங்களில் இவை வேலை செய்கின்றன. குருதிக்குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்களின் பெருக்கத்தில் இவற்றுக்கு உள்ள பங்கை மட்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

தமனியின் தசைச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் அடினோசின் தடுக்கிறது. இத்தடுப்பு பெரும்பாலும் ஏ2பி ஏற்பி வழியாக நடக்கிறது. ஆனால் அதே அடினோசின் ஏ1, ஏ3 ஏற்பிகளின் வழியாகச் சில சூழல்களில் பெருக்கத்தைத் தூண்டவும் செய்கிறது. ஆகவே அடினோசின் நல்லதா கெட்டதா என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்த ஏற்பி, எவ்வளவு அடினோசின், எந்தக் குருதிக்குழாய் என்று கேட்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் திறக்கப்பட்ட தமனி சில மாதங்களில் மீண்டும் அடைபடுவது ஏன், அதை எப்படித் தடுக்கலாம் என்ற கேள்விகளோடு இது நேரடியாகத் தொடர்புடையது.

தமனிச் சுவரின் அமைப்பு

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. குருதியைத் தொட்டிருக்கும் உள்ளடுக்கில் எண்டோதீலியம் எனப்படும் ஒற்றை வரிசைச் செல்கள் உள்ளன. வெளியடுக்கு இணைப்புத் திசுவால் ஆனது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது தசை அடுக்கு. இங்குள்ள செல்கள் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசைச் செல்கள். பள்ளிப் பாடநூல்களில் இவற்றை வரியற்ற தசை என்று படித்திருப்போம். வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து பனியன் துணி தையலே இல்லாத குழாயாக இறங்குவதைத் திருப்பூர்ப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். தமனியின் தசைச் செல்களும் ஏறத்தாழ அப்படித்தான் குழாயைச் சுற்றிச் சுற்றிப் படிந்துள்ளன. அவை சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும்.

துணிக்கு இல்லாத ஒரு தன்மை இச்செல்களுக்கு உண்டு. இதயத் தசைச் செல்லும் எலும்புத் தசைச் செல்லும் முதிர்ச்சி அடைந்த பிறகு தம் தொழிலை மாற்றிக்கொள்வதில்லை. குருதிக்குழாய் மென்தசைச் செல் மாற்றிக்கொள்ளும். நலமான தமனியில் அது சுருங்கும் நிலையில் இருக்கிறது. அப்போது பெரும்பாலும் பிளவுபடுவதில்லை. சுவரில் காயம் பட்டால் சுருங்கும் புரதங்களைக் குறைத்துக்கொண்டு, பிளவுபடவும் இடம்பெயரவும் கொல்லாஜன் போன்ற பொருள்களைச் சுரக்கவும் தொடங்குகிறது. இது உற்பத்தி நிலை எனப்படும். காயத்தை ஆற்றுவதற்காக ஏற்பட்ட இந்தத் திறனே பிறகு தொல்லையாகவும் மாறுகிறது.

மீண்டும் அடைபடும் தமனி

இதயத் தமனியின் அடைப்பைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சையை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977இல் சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தார். அவரிடம் பயின்று திரும்பிய மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1980களில் சென்னையில் இச்சிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று அவர் அழைக்கப்பட்டார். மார்பைத் திறக்காமல், காலிலோ கையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கியது அந்நாளில் பெரும் வியப்பு.

வியப்போடு ஒரு ஏமாற்றமும் சேர்ந்தே வந்தது. பலூன் மட்டும் பயன்படுத்திய காலத்தில், திறக்கப்பட்ட தமனிகளில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு ஆறு மாதங்களுக்குள் மீண்டும் குறுகின. இதற்கு மறுகுறுக்கம் என்று பெயர். பழைய கொழுப்புப் படிவு திரும்ப வளர்ந்துவிட்டது என்று பலரும் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் அது உண்மையன்று. பலூன் விரியும்போது எண்டோதீலியம் உரிந்து, தசை அடுக்கும் கிழிபடுகிறது. அங்கே ஒட்டும் குருதித் தட்டுகள் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. இவற்றுள் பிடிஜிஎப் எனப்படும் தட்டுவழி வளர்ச்சிக் காரணி முதன்மையானது. அமெரிக்காவின் ரசல் ராஸ் குழுவினர் 1974இல் குருதித் தட்டுகளிலிருந்து வரும் பொருளே மென்தசைச் செல்களைப் பெருகச் செய்கிறது என்று காட்டினர். தூண்டப்பட்ட தசைச் செல்கள் நடு அடுக்கிலிருந்து உள்ளடுக்குக்கு நகர்ந்து, அங்கே பெருகி, புதியதொரு தடித்த படலத்தை உருவாக்குகின்றன. மருத்துவர்கள் இதை நியோஇன்டிமா என்கிறார்கள். புதிய உள்ளடுக்கு என்பது பொருள்.

தமனி சுருங்கிவிடாமல் உள்ளே நிறுத்தப்படும் கம்பி வலையான ஸ்டென்ட் 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது மறுகுறுக்கத்தைக் குறைத்தது, ஆனால் ஒழிக்கவில்லை. கம்பிகளின் இடைவெளி வழியாகத் தசைச் செல்கள் வளர்ந்து வந்தன. ஆகவே சிக்கல் குழாயின் வடிவத்தில் இல்லை, செல்லின் நடத்தையில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. செல்லைப் பெருகாமல் இருக்கச் சொல்லும் செய்தி எது என்ற தேடலில் அடினோசினும் வந்து சேர்ந்தது.

ஏடிபியும் அடினோசினும்

அடினோசின் என்பது அடினைன் என்ற காரமும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு. அதோடு மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்தால் அடினோசின் டிரைபாஸ்பேட், அதாவது ஏடிபி. செல்லின் ஆற்றல் நாணயம் என்று வகுப்பில் சொல்லித் தருவோம்.

ஏடிபியின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைப் பயிற்சிக்குக் கதர் அங்கி அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார் என்பதும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்பதும் அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்திகள். ஒரு காலத்தில் கதருக்குப் பேர்போன திருப்பூரில் இருந்துகொண்டு இதைக் கடந்துபோக மனம் வரவில்லை. பின்னர் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து 1929இல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தறிந்தார். அதே ஆண்டு செருமனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டறிந்திருந்தார்.

அதே 1929ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆலன் டிரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் இதயத் தசைச் சாற்றிலிருந்து கிடைத்த அடினைன் சேர்மங்களை விலங்குகளின் குருதியில் செலுத்திப் பார்த்தனர். இதயத் துடிப்பு தணிந்தது, இதயத் தமனிகள் விரிந்தன, குருதியழுத்தம் இறங்கியது. செல்லுக்குள் எரிபொருளாக இருக்கும் பொருளின் உறவினர், செல்லுக்கு வெளியே வந்தால் செய்தியாளராக மாறுகிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. 1963இல் ராபர்ட் பெர்ன் இதை மேலும் கொண்டுசென்றார். இதயத் தசைக்கு ஆக்சிசன் போதாதபோது அது அடினோசினை வெளியிட்டு, தன் தமனிகளைத் தானே விரியச் செய்துகொள்கிறது என்பது அவர் முன்வைத்த கருத்து.

செல்லுக்கு வெளியே அடினோசின் எப்படி உண்டாகிறது? காயம்பட்ட செல்களும் குருதித் தட்டுகளும் ஏடிபியை வெளியே கசியவிடுகின்றன. செல் பரப்பிலுள்ள சிடி39 என்ற நொதி ஏடிபியிலிருந்து இரண்டு பாஸ்பேட்டுகளை வெட்டி ஏஎம்பி ஆக்குகிறது. சிடி73 என்ற இன்னொரு நொதி கடைசிப் பாஸ்பேட்டையும் நீக்கி அடினோசினைத் தருகிறது. ஏடிபி பொதுவாக அழற்சியைத் தூண்டும் செய்தி. அடினோசினோ பெரும்பாலும் அதைத் தணிக்கும் செய்தி. ஆகவே இந்த இரு நொதிகளும் ஓர் அபாய அறிவிப்பை அமைதி அறிவிப்பாக மாற்றுகின்றன எனலாம். உண்டான அடினோசின் குருதியில் நெடுநேரம் தங்குவதில்லை. இஎன்டி1 என்ற கடத்திப் புரதம் அதை உடனே செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி அதை இனோசினாக மாற்றுகிறது. குருதியில் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு. மருந்து செய்ய முயன்றோருக்கு இதுவே பெரிய இடர்ப்பாடாயிற்று.

நான்கு ஏற்பிகள்

நான்கு ஏற்பிகளும் ஜி-புரதத்தோடு இணைந்த ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பவை. ஏ2ஏ, ஏ2பி ஆகிய இரண்டும் தூண்டும் வகை ஜி-புரதத்தோடு இணைந்து, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறின் அளவைக் கூட்டுகின்றன. ஏ1, ஏ3 ஆகியவை தடுக்கும் வகை ஜி-புரதத்தோடு இணைந்து அதைக் குறைக்கின்றன. ஏ2பி சில செல்களில் வேறொரு ஜி-புரதத்தோடும் இணைகிறது.

இவற்றுள் ஏ1, ஏ2ஏ, ஏ3 மூன்றும் மிகக் குறைந்த அளவு அடினோசினுக்கே விழித்துக்கொள்ளும். ஏ2பி அப்படியன்று. அதை இயக்கப் பல மடங்கு கூடுதலான, மைக்ரோமோலார் அளவிலான அடினோசின் வேண்டும். நலமான திசுவில் அந்த அளவு இருப்பதில்லை. ஆக்சிசன் குறையும்போதும், திசு காயம்படும்போதும், அழற்சியின்போதும்தான் அடினோசின் அந்த அளவுக்கு உயர்கிறது. அதே சூழல்களில் ஏ2பி ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. அதாவது அன்றாடம் சும்மா கிடந்து, நெருக்கடி நேரத்தில் மட்டும் பிடிக்கும் ஒரு தடை இது.

ஏ2பி: வளர்ச்சியைத் தடுப்பது

1985இல் சுவீடனில் பெர்டில் பிரெட்ஹோம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வளர்ப்பு ஊடகத்திலிருந்த தமனி மென்தசைச் செல்களில் அடினோசின் சைக்ளிக் ஏஎம்பியையும் டிஎன்ஏ உருவாக்கத்தையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தனர். ஏற்பி வழியாகவே விளைவு நடக்கிறது என்பது அதில் தெரிந்தது. எந்த ஏற்பி என்பதைப் பிரித்தறிய அன்று போதிய கருவிகள் இல்லை.

1990களில் அந்தக் கேள்வியைத் தொடர்ச்சியாகப் பின்பற்றியவர்கள் ராகவேந்திர துபேயும் எட்வின் ஜாக்சனும். 1996இல் எலியின் பெருந்தமனிச் செல்களிலும், 1998இல் மனிதப் பெருந்தமனிச் செல்களிலும் அடினோசின் வளர்ச்சியைத் தடுப்பதைக் காட்டி, அது ஏ2பி வழியாக நடப்பதாக வாதிட்டனர். அவர்கள் வந்த வழி மாணவர்கள் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் ஏ2பி ஏற்பியை மட்டும் தூண்டும் மருந்து கிடையாது. எனவே ஏ2ஏவை மட்டும் வலுவாகத் தூண்டும் பொருளைச் சேர்த்துப் பார்த்தனர். வளர்ச்சி அவ்வளவாகக் குறையவில்லை. ஏ2பி உட்பட எல்லாவற்றையும் தூண்டும் பொருளைச் சேர்த்தனர், குறைந்தது. மற்றவற்றை நீக்கி நீக்கி, எஞ்சியதைக் குற்றவாளி என்று சொன்ன முறை இது. இதில் ஐயத்துக்கு இடமுண்டு என்பதால், 2000இல் ஏ2பி ஏற்பி உருவாவதையே தடுக்கும் எதிர்ப்பொருள் நியூக்ளியோடைடைச் செல்களுக்குள் செலுத்தினர். ஏ2பி குறைந்த செல்களில் அடினோசினின் தடுப்பு வேலை செய்யவில்லை. அத்துடன் வாதம் வலுப்பட்டது.

இதே குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடவும் சுவையாகப் படுகிறது. மென்தசைச் செல்கள் அடினோசினுக்காகப் பிறரை எதிர்பார்த்திருப்பதில்லை. அவை தமக்குள் உண்டான சைக்ளிக் ஏஎம்பியை வெளியே தள்ளுகின்றன. செல் பரப்பிலுள்ள நொதிகள் அதை ஏஎம்பியாகவும் பிறகு அடினோசினாகவும் மாற்றுகின்றன. அந்த அடினோசின் திரும்பி வந்து அதே செல்லின் ஏ2பி ஏற்பியைத் தொடுகிறது. தன் வளர்ச்சிக்கான கடிவாளத்தைச் செல் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஏ2பி தொட்டதும் உள்ளே என்ன நடக்கிறது? சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது. அது புரதக் கைனேஸ் ஏ, எபாக் என்ற இரு புரதங்களை இயக்குகிறது. செல் பிளவுபட வேண்டுமானால் முதலில் ஜி1 என்ற ஆயத்தக் கட்டத்தைத் தாண்டி டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்துக்குள் நுழைய வேண்டும். அந்த வாயிலைத் திறப்பது சைக்ளின் டி என்ற புரதம். பூட்டி வைப்பது பி27 என்ற புரதம். ஏ2பியின் செய்தி சைக்ளின் டியைக் குறைத்து, பி27ஐக் கூட்டுகிறது. பிடிஜிஎப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் பயன்படுத்தும் எர்க் என்ற சங்கிலிவழிச் செய்தியும் தணிகிறது. செல் சாவதில்லை; ஜி1இல் காத்து நிற்கிறது. 2015இல் வெளியான துபே குழுவின் ஆய்வு, மனித இதயத் தமனிச் செல்களில் இவ்வழிகள் பலவும் சைக்ளின் டியில் வந்து கூடுவதைக் காட்டியது. அதே ஆய்வில், எளிதில் சிதையாத அடினோசின் ஒப்புமையை எலியின் காயம்பட்ட கழுத்துத் தமனியைச் சுற்றி இட்டபோது நியோஇன்டிமா குறைந்தது.

உயிருள்ள விலங்கில் ஏ2பியின் பங்கை நேரடியாகக் காட்டியவர்கள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் காட்யா ராவிட் குழுவினர். ஏ2பி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கி, தொடைத் தமனிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்திக் காயப்படுத்தினர். 2008இல் வெளியான முடிவின்படி, ஏ2பி இல்லாத எலிகளில் உள்ளடுக்கு அதிகமாகத் தடித்தது. எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்தியபோது, மச்சையிலிருந்து வரும் குருதிச் செல்களில் ஏ2பி இருந்தாலே தமனிக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆக, தசைச் செல்லின் மேலுள்ள ஏ2பி மட்டும் காவல் காப்பதில்லை. அழற்சிச் செல்களின் மேலுள்ளதும் சேர்ந்தே காக்கிறது. ஏ2ஏ ஏற்பியின் உதவியும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதைத் தூண்டும் பொருள் சுண்டெலிகளில் காயத்துக்கு வரும் வெள்ளணுக்களைக் குறைத்து, நியோஇன்டிமாவையும் குறைத்ததாக 2001இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஏ1, ஏ3: எதிர்த்திசை

இதுவரை படித்தவர்கள் அடினோசின் எங்கும் தடையாகவே இருக்கும் என்று எண்ணிவிடக்கூடும். 2005இல் அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பன்றியின் இதயத் தமனிச் செல்களில் அடினோசினைச் சேர்த்தபோது செல்கள் பெருகின. ஏ1 ஏற்பியை அடைத்ததும் அந்தப் பெருக்கம் நின்றது. 2012இல் செருமனியின் பான் நகர ஆய்வாளர்கள் மனித இதயத் தமனிச் செல்களில் ஏ3 ஏற்பி பெருக்கத்தைத் தூண்டுவதாகக் காட்டினர். அதே குழு அதற்கு முந்தைய ஆண்டில் ஏ2பி பெருக்கத்தைத் தடுப்பதாகவும் காட்டியிருந்தது. ஒரே குழு, ஒரே வகைச் செல், எதிரெதிர் முடிவுகள், இரண்டும் சரி.

முரண்பாடு போலத் தோன்றும் இதற்கு விளக்கம் ஏற்பிகளின் கலவையில் உள்ளது. பெருந்தமனியிலும் இதயத் தமனியிலும் நான்கு ஏற்பிகளின் விகிதம் ஒன்றுபோல இருப்பதில்லை. எலி, பன்றி, மனிதன் என்ற இனங்களுக்கிடையிலும் மாறுகிறது. வளர்ப்புத் தட்டில் செல் சுருங்கும் நிலையில் உள்ளதா, உற்பத்தி நிலையில் உள்ளதா என்பதும் முடிவை மாற்றும். அடினோசின் குறைவாக இருக்கும்போது ஏ1, ஏ3 மட்டுமே அதைக் கேட்கும். மிகுதியாகும்போது ஏ2பி குறுக்கிட்டுத் தடுக்கும். இப்படி அளவைப் பொறுத்தே செய்தி மாறக்கூடும். ஒரே ஒரு ஆய்வைப் படித்துவிட்டு முடிவுக்கு வரும் மாணவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள்.

நுரையீரல் தமனிகளில் கதை இன்னும் சிக்கலாகிறது. நாட்பட்ட நுரையீரல் நோயில் அடினோசின் நெடுநாள் உயர்ந்தே இருக்கும்போது, ஏ2பி பாதுகாப்பதை விட்டு, தழும்பாதலையும் நுரையீரல் மிகையழுத்தத்தையும் வளர்ப்பதாக விலங்காய்வுகள் கூறுகின்றன. குறுகிய கால நெருக்கடிக்கு அமைந்த தடை, ஆண்டுக்கணக்கில் அழுத்தப்பட்டால் வேறு விளைவைத் தருகிறது.

மனிதரிடம் கிடைத்த சான்றுகள்

செல் தட்டிலும் எலியிலும் கண்டது மனிதருக்குப் பொருந்துமா? அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு அரிய மரபு நோயை விவரித்தனர். மூன்று குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேருக்குக் கால் தமனிகளிலும் கை, கால் மூட்டுகளைச் சுற்றியும் கால்சியம் கடுமையாகப் படிந்திருந்தது. காரணம் சிடி73 நொதிக்கான மரபணுவில் ஏற்பட்ட பிழை. அவர்களது செல்களால் ஏஎம்பியிலிருந்து அடினோசினை உண்டாக்க முடியவில்லை. ஆய்வகத்தில் அச்செல்களுக்கு அடினோசினைக் கொடுத்தபோது கால்சியம் படிவது குறைந்தது. இங்கே கண்டது செல் பெருக்கம் அன்று, சுண்ணமாதல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் செல்லுக்கு வெளியே உண்டாகும் அடினோசின் இல்லாவிட்டால் மனிதத் தமனிச் சுவர் ஒழுங்காக இராது என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது.

இரண்டாவது சான்று டயாலிசிஸ் நோயாளிகளிடமிருந்து வருகிறது. டயாலிசிசுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பார்கள். சொந்தச் சிரையை நேரடியாக இணைக்க முடியாதவர்களுக்குச் செயற்கைக் குழாய் பொருத்தப்படும். அக்குழாய் சிரையோடு சேரும் இடத்தில் மென்தசைச் செல்கள் பெருகி, பல நேரம் ஓராண்டுக்குள்ளேயே அடைப்பை ஏற்படுத்துகின்றன. டிபிரிடமோல் என்ற பழைய மருந்து, அடினோசினைச் செல்லுக்குள் இழுக்கும் கடத்தியை அடைத்து, வெளியில் அதன் அளவைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 649 நோயாளிகளிடம் இம்மருந்தையும் ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 2009இல் வெளியான முடிவு: ஓராண்டு முடிவில் இடையில் எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமல் திறந்திருந்த குழாய்கள் மருந்து பெற்றோரில் 28 விழுக்காடு, பெறாதோரில் 23 விழுக்காடு. பயன் உண்டு, ஆனால் சிறிது. டிபிரிடமோலுக்கு வேறு வேலைகளும் இருப்பதால் இந்தப் பயன் முழுவதையும் அடினோசின் கணக்கில் எழுதவும் முடியாது.

மூன்றாவது, தோல்வியில் முடிந்த ஒரு முயற்சி. சுப்பாராவ் பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தை வழிநடத்தியபோது போலிக் அமிலத்தின் எதிர்ப்பொருள்கள் அங்கே உருவாயின. அந்த வரிசையில் வந்த மெத்தோடிரெக்சேட் இன்று முடக்குவாதத்துக்குக் குறைந்த அளவில் கொடுக்கப்படுகிறது. திசுவில் அடினோசினைக் கூட்டுவது அதன் செயல்முறைகளுள் ஒன்று. எனில் அது மாரடைப்பையும் தடுக்குமா? 4,786 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் அச்சான சிஐஆர்டி ஆய்வில் அப்படிப்பட்ட பயன் எதுவும் தெரியவில்லை. ஏடிபியைக் கண்டவரின் ஆய்வகத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது அடினோசினின் இந்தக் கிளைக்கதை. உடல் முழுவதும் அடினோசினைச் சற்றே உயர்த்துவதும், காயம்பட்ட ஓரிடத்தில் ஏ2பி விழிக்கும் அளவுக்கு உயர்த்துவதும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

ஸ்டென்ட்டில் ஏன் அடினோசின் இல்லை

மறுகுறுக்கத்துக்கு நடைமுறையில் விடை தந்தது வேறொரு மருந்து. 1964இல் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவரப்பட்ட மண்ணிலிருந்த பாக்டீரியம் ஒன்றிலிருந்து, கனடாவில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறிவியலாளர் சுரேந்திரநாத் செகல் குழுவினர் பிரித்தெடுத்தது சிரோலிமஸ். அதைத் தடவிய ஸ்டென்ட்டுக்கு 2002இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. மறுகுறுக்கம் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்தியாவில் மருந்து தடவிய ஸ்டென்ட்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது; வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். அதற்குமுன் பல குடும்பங்கள் ஒரு ஸ்டென்ட்டுக்கு லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கின்றன.

சிரோலிமசும் செல்லை ஜி1 கட்டத்திலேயே நிறுத்துகிறது. அந்த வகையில் அதன் விளைவும் ஏ2பியின் விளைவும் ஒரே வாயிலில்தான் முடிகின்றன. வேறுபாடு எண்டோதீலியத்தில் உள்ளது. சிரோலிமஸ் தசைச் செல்லை நிறுத்துவதோடு, உரிந்துபோன எண்டோதீலியம் திரும்ப வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. மூடப்படாத கம்பியின்மேல் குருதி உறையும் அபாயம் இருப்பதால்தான் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டு தட்டணு எதிர்ப்பு மருந்துகளை மாதக்கணக்கில் விடாமல் உட்கொள்ள வேண்டியுள்ளது. அடினோசினோ தசைச் செல்லைத் தடுக்கும் அதே நேரத்தில் எண்டோதீலியச் செல்களின் வளர்ச்சியை ஏ2 வகை ஏற்பிகள் வழியாக ஊக்குவிக்கிறது. காயத்தின்மேல் தோலை வளரவிட்டு அடியிலுள்ள தழும்பை மட்டும் நிறுத்தும் மருந்து என்று இதைக் கற்பனை செய்யலாம். ஆய்வாளர்கள் இன்னும் ஏ2பியை விட்டுவிடாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் 10 நொடிகூட நிலைக்காத பொருளைக் கம்பியில் தடவிப் பயனில்லை. நிலைத்து நிற்கும் ஒப்புமைகள் பல ஏற்பிகளை ஒருசேரத் தொடுகின்றன. இதயத் துடிப்பைத் தணிக்கும், குருதியழுத்தத்தை இறக்கும். ஏ2பியைத் தேர்ந்து தூண்டும் பே 60-6583 போன்ற பொருள்கள் ஆய்வகக் கருவிகளாக உள்ளன. நோயாளிக்குத் தரும் மருந்தாகவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரப்படும் டிக்காகிரெலார் என்ற தட்டணு எதிர்ப்பு மருந்து, தன் முதன்மை வேலைக்கு அப்பால், இஎன்டி1 கடத்தியையும் ஓரளவு அடைக்கிறது. சிலருக்கு அம்மருந்தால் மூச்சுத் திணறல் உணர்வு ஏற்படுவதை அடினோசினோடு தொடர்புபடுத்துகிறார்கள்.

தேநீரும் காப்பியும்

அடினோசின் ஏற்பிகளை அன்றாடம் அடைக்கும் பொருள் ஒன்று நம் எல்லார் வீட்டிலும் உண்டு. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காபீன் அடினோசினின் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. நைட் ஷிப்ட்டில் ஓவர்லாக் மிஷின்முன் இருப்பவருக்கு இரண்டு மணித் தேநீர் தூக்கத்தை விரட்டுவது இதனால்தான்: மூளையில் களைப்பைச் சொல்லும் அடினோசினின் குரல் ஏ1, ஏ2ஏ ஏற்பிகளை எட்டுவதில்லை. அப்படியானால் தமனியிலுள்ள ஏ2பியும் அடைபட்டுத் தசை வளர்ந்துவிடுமோ என்று கேட்பது நியாயமான ஐயம். காபீன் ஏ2ஏவை எளிதில் அடைக்கும். ஏ1ஐயும் ஏ2பியையும் அதைவிடக் குறைவாக. ஏ3ஐ மிகக் குறைவாக. தடுக்கும் ஏற்பி, தூண்டும் ஏற்பி இரண்டும் ஒருசேரத் தொடப்படுவதால் நிகர விளைவைத் தட்டிலிருந்து கணிக்க இயலாது. பெரிய மக்கள்தொகை ஆய்வுகளில் அளவாகக் காப்பி குடிப்போருக்கு இதயத் தமனி நோய் கூடுவதாகத் தெரியவில்லை. புகைபிடிப்பதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

காபீன் உண்மையிலேயே குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. இதயத் தசைக்குக் குருதி போதுமான அளவு செல்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனின்போது, ஓட முடியாதவர்களுக்கு அடினோசினைச் சிரை வழியாக, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் செலுத்துவார்கள். ஏ2ஏ ஏற்பி வழியாகத் தமனிகள் விரிய வேண்டும். காபீன் அந்த ஏற்பியில் அமர்ந்திருந்தால் தமனி விரியாது; அடைப்பு இருந்தும் ஸ்கேன் சரியாக இருப்பதாகக் காட்டிவிடலாம். ஆகவே சோதனைக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல மருத்துவமனைகளில் 24 மணி நேரம், காப்பி, தேநீர், கோலா பானங்கள், சாக்லேட் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். காபீன் கலந்த தலைவலி மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் அடங்கும். அதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.